சட்டமூலமும் பட்டிப்பளை ஆறும்: 1956 பற்றிய ஒரு குறிப்பு

சட்டம் ஆக்கப்படும் முறையை வெறும் நடைமுறை விதிகளின் தொகுதியாக மட்டும் நோக்குவது போதாது. அவ்விதிகள் எத்தகைய சமூகச் சூழலில் இயங்கின என்பதையும் ஆராய்தல் வேண்டும். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமூலம் இதற்குத் தக்க சான்றாகும்.

சோல்பரி அரசியலமைப்பின்படி ஒரு சட்டமூலம் 101 உறுப்பினர் கொண்ட பிரதிநிதிகள் சபையில் முதலாம் வாசிப்பு, கொள்கை விவாதத்துக்குரிய இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு ஆகியவற்றைக் கடத்தல் வேண்டும். பின்னர் 30 உறுப்பினர் கொண்ட செனற் சபையின் ஒப்புதலையும், இறுதியில் மகாதேசாதிபதி வழங்கும் அரச இசைவையும் பெறவேண்டும். இத்தனை படிகளும் அமைந்தமைக்குக் காரணம் உண்டு. எதிர்ப்போர் பேசவும், ஆள்வோர் மறுசிந்தனை செய்யவும் கால அவகாசம் தேவை என்பதே அது.

யூன் 5ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்க சட்டமூலத்தைச் சபையில் முன்வைத்தார். அன்றே காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் செய்த தமிழரசுக் கட்சியினர் தாக்கப்பட்டனர். சபையினுள் தமிழ் உறுப்பினரோடு இடதுசாரிகளும் மொழிச் சமத்துவத்துக்காக வாதிட்டனர். எனினும் சட்டமூலம் 56க்கு 29 என்ற வாக்குகளால் நிறைவேறியது. செனற் சபையையும் கடந்து யூலை 7இல் 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமாயிற்று.

கொழும்பில் விவாதம் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில் மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே, பட்டிப்பளை ஆற்றுப் பள்ளத்தாக்கில் வன்முறை மூண்டது. 1949ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் தோற்றுவித்த கல்லோயா அபிவிருத்திச் சபையின் குடியேற்றப் பிரதேசம் அது. நீரும் நிலமும் பங்கிடப்பட்ட முறையால் ஏற்கெனவே முரண்பாடுகள் முதிர்ந்திருந்த அவ்விடத்தில், மொழி விவாதம் தீப்பொறியாயிற்று. யூன் 11 முதல் சில நாட்களுள் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். ஆகவே மொழிப் பிரச்சினையை உத்தியோகம் நாடிய மத்தியதர வர்க்கத்தின் பிரச்சினையாக மட்டும் கொள்வது தவறாகும். வயலில் உழைத்தவனும் அதன் விலையைச் செலுத்தினான்.

எந்தவொரு சமூகத்துக்கும் பிறருக்கில்லாத சலுகையை அளிக்கும் சட்டத்தை 29ஆம் பிரிவு தடைசெய்திருந்தது. அத்தடை நீதிமன்றத்திற் பரிசோதிக்கப்படுவதற்கு, கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞர் தமது சம்பள உயர்வுக்காக வழக்குத் தொடுக்கவேண்டியிருந்தது. 1964இல் மாவட்ட நீதிமன்றம் சட்டம் செல்லாதெனத் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மீது வழக்கிடமுடியாதெனக் கூறி அத்தீர்ப்பை மாற்றிற்று. 1969இல் கோமறைக் கழகம் வழக்கிடும் உரிமையை ஏற்று, அரசியலமைப்பு வினாவை மீள்விசாரணைக்கு அனுப்பியது. அவ்வினாவுக்கு விடை கிடைக்குமுன் 1971இல் செனற் சபையும், 1972இல் 29ஆம் பிரிவும் மறைந்தன. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பு ஏற்றது 1987இலாகும்.

1956இல் சபை நடைமுறையின் எந்தப் படியும் தவறவில்லை. தவறாதிருந்தும் ஒவ்வொரு படியிலும் பெரும்பான்மை எண்ணிக்கையே முடிவு செய்தது. நிரந்தரச் சிறுபான்மை ஒன்றுள்ள நாட்டில் வாசிப்புகளின் தொகை நீதிக்கு உத்தரவாதமாகாது. இவ்வுண்மையைப் பாராளுமன்ற அறிக்கைகளில் மட்டுமன்றி, பட்டிப்பளை ஆற்றங்கரையிலும் நின்று வாசித்தல் வேண்டும்.