கண்ணாடி மறைக்கும் ஒளி

கலைச்சொல் ஆக்குவோர் சில வேளைகளில் தம்மை அறியாமலே கவிதையும் செய்துவிடுகிறார்கள். சிவப்பை அடுத்து நின்றும் கண்ணுக்குப் புலப்படாத கதிருக்கு அகச்சிவப்பு என்றும், ஊதாவுக்கு அப்பால் நிற்பதற்குப் புறஊதா என்றும் பெயரிட்டார்கள். அகமும் புறமும் பயின்றவர்கள் இப்பெயர்களைப் புன்னகையின்றிக் கடக்க இயலாது. இலங்கைப் பாடநூல்கள் பின்னதைக் கழியூதா என்கின்றன. ஊதாவைக் கழிந்து, அதாவது கடந்து நிற்பது. இப்புறஊதாக் கதிரைக் கொண்டு ஒளிப்படம் எடுக்க முயன்றவர்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவர்களுள் சிலருக்கு அது பிழைப்பன்று, ஓய்வு நேரத்து விருப்பம் மட்டுமே என்பது குறிப்பிடத்தக்கது.

1800இல் வில்லியம் ஹெர்ஷல் சிவப்புக்கு அப்பால் வெப்பம் தரும் கதிர் ஒன்று இருப்பதைக் கண்டார். இயற்கையில் எதற்கும் எதிர்முனை உண்டு என்று நம்பிய ஜெர்மானிய இளைஞர் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர், அப்படியானால் மறுகோடியிலும் ஏதோ இருக்க வேண்டும் என்று தேடினார். 1801இல் யேனா நகரில், முப்பட்டகம் பிரித்த ஒளியில் வெள்ளிக் குளோரைடை வைத்துப் பார்த்தார். எந்த நிறமும் விழாத இடத்தில், ஊதாவின் விளிம்பைத் தாண்டி, அது மிக விரைவாகக் கறுத்தது. ஆக, இக்கதிரை முதலில் கண்டது மனிதக் கண் அன்று. பிற்காலத்தில் ஒளிப்படக் கலைக்கே அடிப்படையான வெள்ளி உப்புத்தான் கண்டது.

ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட் இதன் பொருளை உடனே உணர்ந்தார். 1844இல் வெளிவரத் தொடங்கிய தமது 'இயற்கையின் எழுதுகோல்' என்னும் நூலில், ஒரு நூலக அலமாரியின் படத்தை ஒட்டி அவர் ஒரு கற்பனையை முன்வைக்கிறார். கண்ணுக்குத் தெரியாத கதிர்களை மட்டும் ஓர் அறைக்குள் செலுத்தினால், உள்ளிருப்போர் ஒருவரையொருவர் காணமாட்டார்கள். ஆனால் கேமரா அவர்களைக் காணும். அவ்வறையின் இரகசியங்களை அச்சேறிய தாள் வெளிப்படுத்துவதாக அமைத்தால் ஒரு நாவலுக்கு எத்தகைய முடிவாக இருக்கும் என்றும் அவர் வியக்கிறார். இவ்வொளியைப் பற்றிய முதற்கனவுகளுள் ஒன்று இலக்கியக் கனவாகவும் இருந்தது நமக்கு மகிழ்ச்சி தருவதே.

வெள்ளி உப்பு இயல்பாகவே இக்கதிரை உணருமென்றால், படமெடுப்பதில் என்ன இடர்ப்பாடு? இடர்ப்பாடு கருவியிலேயே இருந்தது. நமக்குத் தெளிந்த நீர்போலத் தோன்றும் கண்ணாடி, புறஊதாவின் பெரும்பகுதிக்குச் சுவராக நிற்கிறது. 1852இல் ஒளிர்வு பற்றி எழுதிய ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், படிகக்கல்லாகிய குவார்ட்ஸ் அக்கதிருக்கு வழிவிடுவதைக் காட்டினார். லைப்சிக் நகரில் இயந்திரத் தொழில் நடத்திவந்த விக்டர் ஷூமான் ஒளிப்பட ஆர்வத்தால் இத்துறைக்கு வந்து, 1890களில் மேலும் முன்சென்றார். படத்தகட்டில் பூசும் ஜெலட்டினும் தடை, சுற்றியுள்ள காற்றும் தடை என்று கண்ட அவர், ஜெலட்டினைப் பெரிதும் குறைத்த தகடுகளைத் தாமே செய்தார்; காற்றை வெளியேற்றிய கருவியில் ஃபுளோரைட் படிகத்தைப் பொருத்தினார். இக்கலையின் வளர்ச்சி, புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிட, குறுக்கே நிற்பதை அகற்றுவதாகவே பெரிதும் நடந்தது எனலாம்.

இதை நிலக்காட்சிக்கும் மனித உருவத்துக்கும் கொண்டுவந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட். குவார்ட்ஸ் வில்லையின்மேல் வெள்ளியை மெல்லிய படலமாகப் பூசினார். கண்காணும் ஒளியைத் தடுக்கும் அப்படலம், புறஊதாவின் ஒரு குறுகிய பட்டைக்கு மட்டும் வழிவிட்டது. 1910இல் அவர் வெளியிட்ட படங்கள் வியப்பூட்டுபவை. நல்ல வெயிலில் நிற்கும் மனிதனுக்கு நிழல் ஏறக்குறைய இல்லை. வானம் முழுவதும் புறஊதாவைச் சிதறடிப்பதால் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. ஓவியர்கள் பயன்படுத்தும் துத்தநாக வெள்ளை கரியாகத் தோன்றியது. நிலவில் அரிஸ்டார்க்கஸ் பள்ளத்தின் அருகே, கண்ணுக்குப் புலனாகாத கரும்புள்ளி ஒன்று பதிவாகியது.

வெள்ளிக் கோளின் கதை இன்னும் சுவையானது. நம் கண்ணுக்கு அது வடுவற்ற வெண்முத்து. 1927இல் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஃபிராங்க் ராஸ் எடுத்த புறஊதாப் படங்களில் மேகத்தின் கருங்கோடுகள் தெரிந்தன. முப்பதாண்டுகளுக்குப் பின், 1957இல், காங்கோவின் பிரஸாவில் நகரில் நீதிபதியாக இருந்த சார்ல்ஸ் புவாயே என்னும் பிரெஞ்சுக்காரர், 26 சென்டிமீட்டர் தொலைநோக்கியால் அக்கோளைத் தொடர்ந்து படமெடுத்தார். ஒரே கருவடிவம் நான்கு நாட்களுக்கு ஒருமுறை திரும்பி வருவதை அவர் கண்டார். கோளின் தரையோ ஒருமுறை சுழல 243 நாட்கள் எடுத்துக்கொள்கிறது என்று பின்னர் அறியப்பட்டது. மேகங்கள் மட்டும் இத்தனை விரைவாகச் சுற்றுமா என்ற ஐயம் நீடித்தது. 1974இல் மரைனர் 10 விண்கலம் அனுப்பிய படங்கள் அந்த நான்கு நாட்களை உறுதிசெய்தன. பகலில் வழக்குகளை விசாரித்த ஒருவரின் பொறுமையான சாட்சியம் ஏற்கப்படப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

மலர்களின் பக்கம் திரும்புவோம். பூவிதழ்களில் தேனுக்கு வழிகாட்டும் குறிகள் உள்ளன என்று 1793இலேயே ஸ்பிரெங்கல் எழுதினார். எறும்புகள் புறஊதாவை உணர்கின்றன என்று 1880களில் ஜான் லபக்கும், தேனீக்கள் உணர்கின்றன என்று 1924இல் ஆல்ஃபிரட் கூனும் காட்டினர். 1972இல் தாமஸ் ஐஸ்னரும் உடனாய்வாளர்களும், நமக்கு முழுமஞ்சளாகத் தோன்றும் ருட்பெக்கியா மலரின் இதழ்களில், உட்பகுதி புறஊதாவை விழுங்கிக் கருவட்டமாக நிற்பதையும், அதற்குக் காரணமான ஃபிளேவனால் நிறமிகளையும் விளக்கினர்.

இன்று இதைப் பொழுதுபோக்காக மேற்கொள்பவருக்கு மூன்று பொருள்கள் வேண்டும். முதலாவது கேமரா. டிஜிட்டல் கேமராவின் உணரிக்கு முன்னால் புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் மென்தகடு ஒன்று உண்டு. அதை நீக்க வேண்டும். இரண்டாவது வில்லை. குவார்ட்ஸும் ஃபுளோரைட்டும் கொண்டு நிக்கான் செய்த 105 மில்லிமீட்டர் யுவி-நிக்கோர் இவ்வுலகில் புகழ்பெற்றது. விலையோ ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாதது. ஆனால் இருட்டறைகள் மூடப்பட்டபோது மலிவாகக் கைமாறிய என்லார்ஜர் வில்லைகளுள், பழைய 80 மில்லிமீட்டர் எல்-நிக்கோர் புறஊதாவை நன்கு கடத்துகிறது என்று ஆர்வலர்கள் கண்டுகொண்டனர். விலையுயர்ந்த புதிய வில்லைகள் பல, பூச்சும் பல அடுக்குக் கண்ணாடியும் மிகுந்ததாலேயே இவ்வேலைக்கு உதவுவதில்லை. மூன்றாவது, கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் வடிகட்டி.

வடிகட்டியில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. இத்தகைய கண்ணாடிகள் பல, புறஊதாவோடு அகச்சிவப்பையும் கசியவிடும். உணரிக்கோ அகச்சிவப்பே மிக விருப்பம். எனவே அதைத் தடுக்கும் நீலப்பச்சைக் கண்ணாடி ஒன்றையும் சேர்க்க வேண்டும். சோதிக்க எளிய வழி உண்டு: படத்தில் பச்சிலை கருமையாக இருந்தால் அது புறஊதா; வெண்பனிபோல ஒளிர்ந்தால் அகச்சிவப்பு புகுந்துவிட்டது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இப்படங்களை 'தேனீயின் பார்வை' என்று விளம்பரப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. தேனீ புறஊதாவை மட்டும் காண்பதில்லை. நீலத்தையும் பச்சையையும் சேர்த்தே காண்கிறது. அதன் கூட்டுக்கண்ணின் கூர்மையும் நம் கேமராவுக்கு ஈடாகாது. படங்களில் காணும் மஞ்சளும் ஊதாவும் உணரியும் கணினியும் இட்ட நிறங்கள். நாம் காணும் மொழிக்கு அவற்றை யாரோ பெயர்த்துத் தந்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பை மூலமென்று சொல்லாதிருப்பது, இலக்கியத்தைப் போலவே இங்கும் அடிப்படை நேர்மை.

அகற்றப்படாத தடை ஒன்று நம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. விழித்திரைக்கு இக்கதிரை ஓரளவு உணரும் ஆற்றல் உண்டு. முன்னே நிற்கும் விழிவில்லைதான் அதை விழுங்கிவிடுகிறது. கண்புரை அறுவையில் வில்லையை இழந்தவர்கள் சிலர், வெளிறிய நீலவெண்மையாக அதைக் கண்டதுண்டு. அத்தடை விழித்திரையைக் காக்கும் அரணும் ஆகும் என்பதால் புறஊதா விளக்கை எவரும் நேராகப் பார்க்கலாகாது. நாம் வெண்மை என்று உறுதியாகச் சொல்வதெல்லாம் அந்த அரணுக்கு உள்ளிருந்து சொல்லும் சொல். அதற்கு வெளியே ஓவியனின் வெள்ளை கரியாகவும், வெள்ளிக்கோள் கோடுகள் நிறைந்ததாகவும் இருப்பதைப் பழைய வில்லையும் கறுப்புக் கண்ணாடியும் பொறுமையும் உள்ளவர் எவரும் பதிவுசெய்துவிடலாம்.