வாரியம்: கணக்குக் கேட்ட சொல்

மின்வாரியம், வீட்டுவசதி வாரியம், குடிநீர் வாரியம் என்று பெயர்ப்பலகைகளில் படித்துக் கடந்துபோகும் இந்தச் சொல்லுக்கு வயது ஏறத்தாழ 1,200. திருநெல்வேலிக்கு அருகே மானூரில், கி.பி. 800 அளவில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துச் சபையார் வெட்டிவைத்த கல்வெட்டிலேயே அது இருக்கிறது. எந்த யோசனை வந்தாலும் மறுத்துப் பேசியே சபையை முடக்குகிறவருக்கு 5 காசு தண்டம் விதித்த கல்வெட்டு அது. தகுதியில்லாதவர் வாரியத்தில் இடம்பெறக் கூடாது என்றும் சொல்கிறது. மேற்பார்வைப் பொறுப்பு என்பதே சொல்லின் பழைய பொருள். அந்தப் பொறுப்பை ஏற்ற குழுவுக்கும் அதுவே பெயரானது.

சொல் முழு உருவத்தோடு நிற்பது உத்திரமேரூரில். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921-இல் வெட்டிய சாசனங்களில் அது இருக்கிறது. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிந்திருந்தது. சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். இவற்றோடு பொன் வாரியம், பஞ்சவார வாரியம். பதவி 360 நாள்.

ஆளைத் தேர்ந்த முறையைக் கல்வெட்டு விலாவாரியாகச் சொல்கிறது. குடும்புதோறும் ஓலை நறுக்கில் பெயர் எழுதிக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். கோயில் நம்பிமாரில், அதாவது அர்ச்சகர்களில், மூத்தவர் எல்லோரும் காண அந்தக் குடத்தை மேலே தூக்கிப் பிடிப்பார். விவரம் அறியாத ஒரு சிறுவன் அதிலிருந்து ஓர் ஓலைக்கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கியபின் மீண்டும் ஓர் ஓலை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். கையில் வேறு ஓலை மறைந்திருக்கவில்லை என்பதைக் கூட்டம் பார்க்க வேண்டுமே! அவன் வாசித்ததை நம்பிமார் அத்தனை பேரும் மறுபடி வாசித்த பிறகே பெயர் உறுதியாகும்.

இதைத் தேர்தல் என்று மேடையில் முழங்குவது சரியல்ல. இது திருவுளச்சீட்டு. குடத்தில் பெயர் ஏறவே சொந்த மனையில் வீடும், வரி செலுத்தும் கால் வேலி நிலமும், வேதக் கல்வியும், 35-க்கு மேல் 70-க்குள் வயதும் வேண்டும். வேதம் நன்கு கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். ஊரோ பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட பிரமதேயம். ஏரியில் மண் சுமந்தவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. இதைச் சொல்லாமல் உத்திரமேரூரைப் புகழ்வது அந்த மக்களுக்கு இரண்டாம் முறை செய்கிற அநியாயம்.

ஆனாலும் அங்கே ஒரு விதி இருக்கிறது. அரசியல் அறிவியலின் முதல் பாடத்தில் அதைச் சேர்க்க வேண்டும் என்பேன். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரின் பெயர் மறுபடி குடத்துக்குள் போகாது. அவருடைய தகப்பன், மகன், மாமனார், மருமகன், மைத்துனன், சித்தி பெரியம்மா மக்கள், அத்தை மாமன் மக்கள் என்று உறவுமுறை வரிசையே விலக்கப்படுகிறது. ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தவரும் மூன்றாண்டு விலகியிருக்க வேண்டும். பதவியில் இருக்கும்போதே குற்றம் தெரிந்தால் உடனே நீக்கம்.

பிறகு ஊராட்சிப் பேச்சில் ஆங்கிலேயர் காலத்து ‘போர்டு’ புகுந்தது. ஜில்லா போர்டு, போர்டு ஹைஸ்கூல் என்றே மக்கள் சொன்னார்கள். 20-ஆம் நூற்றாண்டில் அந்தப் ‘போர்டு’க்குத் தமிழாக வாரியம் திரும்பி வந்தது. 1957-இல் அமைந்த மின்சார வாரியத்தைச் சனங்கள் இன்றும் ‘ஈ.பி.’ என்கிறார்கள், சென்னைக் குடிநீர் வாரியம் ‘மெட்ரோ வாட்டர்’. அரசு நியமிக்கும் நிர்வாகக் குழு என்ற பொருள்தான் சொல்லோடு வந்தது. குடமும் 360 நாளும் வரவில்லை.

கணக்கு வேறு வழியில் போனது. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி கூடும் கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. நிலமோ வேதமோ கேட்காமல், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஆணும் பெண்ணும் அங்கே எழுந்து கேள்வி கேட்கலாம்.

வாரியம் என்ற சொல்லை இன்று வாய்நிறையச் சொல்கிறவர்கள் கொத்தனார்களும் சித்தாள்களும். “வாரியத்துல பதிஞ்சாச்சா?” என்பது அவர்கள் பேச்சு. கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தால் பிள்ளைகள் படிப்புக்கும் விபத்துக்கும் உதவித்தொகை உண்டு. அந்த வாரியத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். அவர்களை நியமிப்பது அரசு, அட்டை வைத்திருப்பவர்கள் அல்ல.