லாரியின் இடப்பக்கம்: நகரச் சாலையில் சைக்கிளோட்டியின் உயிரும் ஓட்டுநரின் நேர்ப்பார்வையும்

லண்டன் நகரப் போக்குவரத்து நிறுவனம் 2015 முதல் 2017 வரையிலான சாலை மரணங்களை ஆராய்ந்து ஒரு கணக்கை வெளியிட்டது. அந்நகரில் வாகனங்கள் ஓடிய மொத்தத் தூரத்தில் கனரக லாரிகளின் பங்கு 4 சதவீதம் மட்டுமே. ஆனால் சைக்கிளோட்டிகளின் மரணங்களில் 63 சதவீதத்திலும், பாதசாரிகளின் மரணங்களில் 25 சதவீதத்திலும் லாரி சம்பந்தப்பட்டிருந்தது. இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வை வேகத்தைக் கொண்டோ ஓட்டுநரின் அலட்சியத்தைக் கொண்டோ விளக்கிவிட முடியாது. இந்த மரணங்களில் கணிசமானவை சிக்னலில் நின்று புறப்படும்போதோ, நடைவேகத்தில் இடப்புறம் திரும்பும்போதோ நேர்ந்தவை. காரணத்தை லாரியின் வடிவத்தில், இன்னும் குறிப்பாகச் சொன்னால், ஓட்டுநர் இருக்கையிலிருந்து எது தெரிகிறது, எது மறைகிறது என்பதில் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்படியானால் பாதுகாப்பின் முதல் பொறுப்பு லாரியை வடிவமைப்பவர், வாங்குபவர், வாடகைக்கு அமர்த்துபவர் ஆகியோரைச் சேரும். சைக்கிளோட்டியின் எச்சரிக்கை உணர்வு அதற்கு அடுத்துத்தான் வரும். லண்டனின் சான்று நமக்கு நேரடியாகப் பொருந்துவதற்கு ஒரு காரணமும் உண்டு. பிரிட்டனைப் போலவே இந்தியாவிலும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் செல்கின்றன, ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். அங்கே எந்தப் பக்கம் ஆபத்தோ இங்கேயும் அதே பக்கம்தான்.

இடப்புறம் திரும்பும் ஒரு லாரியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கட்டுமான டிப்பர் போன்ற உயர்ந்த கேபினில் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து எட்டடி உயரத்தில் இருக்கும். இடப்பக்கக் கதவில் பாதிக்கு மேல் தகரம். சன்னலின் கீழ்விளிம்பே சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலைக்கு மேலே போய்விடுகிறது. கேபினை ஒட்டி நிற்பவர் ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் படவே மாட்டார். வளைவதற்கு இடம் வேண்டி ஓட்டுநர் முதலில் வண்டியைச் சற்று வலப்புறம் ஒடிக்கிறார். பின்னால் வரும் சைக்கிளோட்டிக்கு அது லாரி வழிவிடுவதுபோலத் தோன்றுகிறது. இடப்பக்கம் இடைவெளி திறந்து கிடக்கிறது. அதற்குள் அவர் நுழைந்தபின் லாரி இடப்புறம் திரும்பத் தொடங்கும். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்திலேயே வருவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நடைபாதை விளிம்புக்கும் லாரிக்கும் நடுவே இருந்த இடம் சில நொடிகளில் இல்லாமல் போகிறது. முதல் இடியில் சைக்கிளோட்டி கீழே விழுகிறார், அவ்வளவுதான். உயிரைப் பறிப்பது அதற்குப் பின் ஏறும் சக்கரம். அந்த எடைக்கு முன்னால் தலைக்கவசத்தால் ஆவது ஒன்றுமில்லை. சக்கரங்களுக்கு நடுவே பொருத்தப்படும் பக்கவாட்டுத் தடுப்பு ஓரளவு காக்கும். ஆனால் ஐரோப்பிய விதிப்படி அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் வரை உயர்ந்திருக்கலாம். நிமிர்ந்த நிலையில் சாய்பவரை அது வெளியே தள்ளும். ஏற்கெனவே தரையில் விழுந்துவிட்டவர் அதற்கு அடியில் போய்விடுவார். ஆகவே லாரி திரும்பத் தொடங்கும் முன்பே ஓட்டுநர் அவரைக் கண்டுவிடுவதற்கு ஈடான பாதுகாப்பு வேறில்லை.

லண்டன் இந்த முடிவுக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2013 நவம்பரில் இரண்டு வாரங்களுக்குள் ஆறு சைக்கிளோட்டிகள் அந்நகரில் உயிரிழந்தனர். பொதுமக்களின் கோபம் தெருவுக்கு வந்தது. 2015 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்குப் பக்கவாட்டுத் தடுப்பையும் கூடுதல் கண்ணாடிகளையும் கட்டாயமாக்கியது. அதுவரை தேசிய விதிகளில் விலக்குப் பெற்றிருந்தவை பெரும்பாலும் கட்டுமான லாரிகள். சைக்கிளோட்டிகளின் மரணங்களில் திரும்பத் திரும்ப இடம்பெற்றவையும் அவையே. விலக்கு தவறான இடத்தில் கொடுக்கப்பட்டிருந்தது. அடுத்த கேள்வி, கண்ணாடி போதுமா என்பது. லீட்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், கண்ணாடியின் வழியே பார்க்கும் ஓட்டுநர், நேரடியாகப் பார்ப்பவரைவிடச் சராசரியாக 0.7 நொடி தாமதமாகவே எதிர்வினை காட்டினார். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் லாரி 4.7 மீட்டர் கடந்துவிடும். ஒரு சைக்கிளின் நீளம் இரண்டு மீட்டருக்கும் குறைவு என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தகைய ஆய்வுகளின் பின்னணியில் உருவானதுதான் நேர்ப்பார்வைத் தரம். 12 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு லாரிக்கும், கேபினிலிருந்து சுற்றுப்புறம் எவ்வளவு நேரடியாகத் தெரிகிறது என்பதை அளந்து பூஜ்யம் முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரப்படுகிறது. 2021 மார்ச் முதல், ஒரு நட்சத்திரமும் பெறாத லாரி, கேமரா, சென்சார், திரும்பும்போது ஒலிக்கும் எச்சரிக்கை ஆகியவற்றைப் பொருத்திக்கொள்ளாமல் நகருக்குள் நுழைய முடியாமல் ஆனது. 2024 அக்டோபரில் அந்தக் குறைந்தபட்ச வரம்பு மூன்று நட்சத்திரமாக உயர்ந்தது.

பார்வைக் குறைவு ஒரு காரணமாகப் பதிவான உயிரிழப்பு விபத்துகள் 2018இல் 12ஆக இருந்து 2021இல் 6ஆகக் குறைந்ததாக லண்டன் போக்குவரத்து நிறுவனம் தெரிவிக்கிறது. இதை மட்டும் வைத்துக் கொண்டு வெற்றி முழக்கம் இட முடியாது. எண்ணிக்கை சிறியது, இடையில் கொரோனாக் காலம் போக்குவரத்தையே குலைத்துப் போட்டது. ஆனால் இந்தத் திட்டத்துக்கு ஆதரவான சான்று இந்த ஒரு கணக்கோடு முடிந்துவிடவில்லை. நெதர்லாந்து 2003இல் லாரிகளுக்கு, ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத மறைப்பகுதியைக் காட்டும் கண்ணாடியைக் கட்டாயமாக்கியது. அதையொட்டி மரணங்கள் குறைந்தன. அந்தக் குறைவு நிலைக்கவில்லை, சில ஆண்டுகளில் மரணங்கள் மீண்டும் ஏறின. ஒரே சந்திப்பில் ஓட்டுநர் எதிரே வரும் வண்டி, சிக்னல், நடப்பவர், ஐந்தாறு கண்ணாடிகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியைக் கூட்டக் கூட்ட அவர் பார்க்க வேண்டிய இடமும் கூடுகிறது. அவருக்கு இருப்பது இரண்டு கண்கள். இந்த உண்மையை ஏற்றே ஐரோப்பிய ஒன்றியம், 2019இல் இயற்றிய வாகனப் பாதுகாப்பு விதியில், 2026 முதல் புதிய லாரி வகைகளுக்கு நேர்ப்பார்வை அளவைச் சேர்த்தது.

இங்கே எழும் முதல் மறுப்பு, லாரியின் இடப்பக்கம் நுழைவதே சைக்கிளோட்டியின் தவறு என்பது. கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த வாதம், அவரை அந்த இடத்துக்கு அனுப்பியது யார் என்ற கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. மெதுவாகச் செல்பவர் இடப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும் என்பது நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சாலை நெறி. லண்டனிலோ சிக்னல் கோட்டுக்கு முன்னால் சைக்கிளுக்கென ஒரு கட்டம் வரைந்து, அதை அடைய இடப்பக்க ஓரமாகவே குறுகிய தடமும் போட்டார்கள்; ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அரசே பெயின்ட் அடித்து வழிகாட்டியது. பல நேரங்களில் சைக்கிளோட்டி லாரியின் பக்கத்துக்குப் போவதே இல்லை; அவர் நின்றுகொண்டிருக்க, லாரி வந்து அவர் பக்கத்தில் நிற்கிறது. சட்டத்தை மதித்து ஒதுங்கி நிற்பவர் செத்துப் போகிறார் என்றால் பிழையை அவரிடம் தேடுவது அறமாகாது. எச்சரிக்கையும் பயிற்சியும் வேண்டியவைதான். பாரிஸ் உள்ளிட்ட பிரான்ஸ் நகரங்களில் 2021 ஜனவரி முதல் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வாகனங்கள் மறைப்பகுதியைக் காட்டும் ஒட்டுப்படத்துடன் செல்ல வேண்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயது முதியவரும் ஓட்டும் வண்டி சைக்கிள். அவர்களுடைய விழிப்பை மட்டுமே நம்பியிருக்கும் ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: தனித்தடம் போட்டுவிட்டால் லாரியின் கேபினைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? தனித்தடத்தின் தேவையை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஆனால் தடம் எங்கே முடிகிறதோ அங்கேதான் இந்த மரணங்கள் நேர்கின்றன. உலகிலேயே மிகச் சிறந்த சைக்கிள் தடங்களைக் கொண்ட நெதர்லாந்தில் மறைப்பகுதி விபத்து இன்னும் பேசுபொருளாக இருப்பதற்குக் காரணம் இதுவே. சந்திப்பில் சைக்கிளுக்கும் திரும்பும் லாரிக்கும் தனித்தனி சிக்னல் நேரம் கொடுத்தால் ஒழிய இரண்டும் ஓரிடத்தில் குறுக்கிடத்தான் செய்யும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதாக அது சொன்னது. அதன்பின் சில சாலைகளில் நல்ல நடைபாதைகள் வந்தன. தொடர்ச்சியான சைக்கிள் தடம் வரவில்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் வேலைக்குச் செல்பவர் தடம் வரும்வரை காத்திருக்க முடியாது. 1970இல் சென்னையின் பயணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று சைக்கிளில் நடந்தது. 2008இல் அது 6 சதவீதம். மீதியிருப்பவர்களில் பெரும்பாலோர் பஸ் கட்டணத்தையும் பெட்ரோல் செலவையும் எண்ணிப் பார்ப்பவர்கள். பகலில் லாரிகளைத் தடுத்துவிட்டால் போதும் என்போருக்கும் இவர்களே பதில். ஐந்தும் அதற்கு மேலும் அச்சுகள் கொண்ட லாரிகளை 2007 முதல் பகலில் நகர மையத்துக்குள் விடாத டப்ளின் பயனடைந்தது உண்மைதான். துறைமுகத்திலிருந்து லாரிகளை வெளியே கொண்டுபோக அங்கே அதற்குள் சுரங்கப்பாதை திறந்தாகிவிட்டது. இங்கே பேப்பர் போடுபவரும் பால் ஊற்றுபவரும் இரவுக் காவலாளியும் முதல் ஷிப்ட் தொழிலாளியும் சைக்கிள் மிதிப்பது, லாரிகள் அனுமதிக்கப்படும் அதே நேரங்களில்.

இந்திய லாரிக்குத் தனி இயல்பு ஒன்று உண்டு; அதைப் பேசாமல் லண்டன் தரத்தை இங்கே கொண்டுவரச் சொல்வது அரைகுறை வேலை. நம் லாரிகளில் இடப்பக்கம் கிளீனர் உட்கார்வார். கதவுக்கு வெளியே தலையை நீட்டி, தகரத்தைத் தட்டி, ஆள் வருவதைச் சொல்வது அவர் வேலைகளில் ஒன்று. யாரும் திட்டமிடாமலே அமைந்த நேர்ப்பார்வை ஏற்பாடு இது. கூலிச் செலவைக் குறைக்க உரிமையாளர்கள் கிளீனரை விட்டுவிட, அந்தக் கண்ணும் போய்விட்டது; அதற்கு மாற்றாக எதுவும் வரவில்லை. நகருக்குள் நாளெல்லாம் ஓடும் தண்ணீர் லாரிக்கும் டிப்பருக்கும் ரெடிமிக்ஸ் லாரிக்கும், கேபின் மாறும்வரையிலாவது, உதவியாளரைக் கட்டாயமாக்குவது செலவு குறைந்த, உடனே செய்யக்கூடிய இடைக்கால வழி. நிரந்தர வழி பட்டறையில் இருக்கிறது. அடிச்சட்டமாக வந்து பாடி கட்டப்படும் லாரிகளுக்குப் பெயர்பெற்ற ஊர் நாமக்கல். இடப்பக்கக் கதவின் கீழ்ப்பகுதியில் தகரத்துக்குப் பதில் கெட்டிக் கண்ணாடி வைப்பதும், முன்கண்ணாடியை மறைக்கும் குஞ்சத்தையும் ஸ்டிக்கரையும் மேல்விளிம்போடு நிறுத்துவதும், இரும்புக் குழாய் ஒன்றைப் பெயருக்குப் பற்றவைக்காமல் சக்கரம்வரை நீளும் தடுப்பைக் கட்டுவதும் அங்குள்ள கைகளுக்கு எட்டாத வித்தைகள் அல்ல. வாங்குபவர் கேட்பதில்லை, அதனால் அவர்கள் செய்வதில்லை.

சாலை விபத்தில் இறப்பவர்களில் சைக்கிளோட்டிகள் ஏறத்தாழ 3 சதவீதம்தானே, அதற்காகச் சிறு லாரி உரிமையாளர்கள்மேல் சுமை ஏற்றலாமா என்பது மூன்றாவது மறுப்பு. ஒன்றிரண்டு வண்டிகளை வைத்து வட்டி கட்டிப் பிழைப்பவர்களின் நிலை உண்மையானது. அதைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் மறைப்பகுதி சைக்கிளை மட்டும் தனியே பிரித்து மறைப்பதில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் 44.5 சதவீதம், நடந்து சென்றவர்கள் 19.5 சதவீதம். இவர்கள் எல்லாரும் லாரியால் இறந்தவர்கள் அல்லர்; ஆயினும் சிக்னலில் லாரியின் இடப்பக்கம் ஒதுங்குபவர்களும் முன்பக்கம் குறுக்கே கடப்பவர்களும் இவர்களே. சைக்கிளோட்டிக்காகத் தாழ்த்தப்படும் சன்னல் ஸ்கூட்டரில் பிள்ளையை அழைத்துச் செல்லும் தாயையும் காட்டும். சுமையைப் பொறுத்தவரை, ஓடும் வண்டிகளுக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் கொடுத்துத்தான் லண்டனும் வரம்பை உயர்த்தியது.

அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது, மாநிலத்தால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வாகனம் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று விதிசெய்யும் உரிமை 110ஆம் பிரிவின்படி மத்திய அரசுக்கு உரியது. ஆனால் பொதுமக்களின் பாதுகாப்புக் கருதி, குறிப்பிட்ட வகை வாகனத்தைக் குறிப்பிட்ட பகுதியிலோ சாலையிலோ தடுக்கவும் கட்டுப்படுத்தவும் 115ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. லண்டனின் அனுமதி முறையும் இதே தர்க்கத்தில் அமைந்ததுதான்: எப்படி வேண்டுமானாலும் வண்டி கட்டிக்கொள், இந்நகருக்குள் வர வேண்டுமானால் இந்த அளவுக்குப் பார்வை இருக்கட்டும். அதற்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. லண்டனின் கிராஸ்ரெயில் ரயில்பாதைக் கட்டுமானத்தில், பாதுகாப்புக் கருவிகள் இல்லாத, ஓட்டுநர் பயிற்சி பெறாத லாரிகளைப் பணியிடத்துக்குள் விடுவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். சென்னையில் குடிநீர் வாரியத்தின் ஒப்பந்தத் தண்ணீர் லாரியும், மாநகராட்சிக்காகக் குப்பை அள்ளும் லாரியும், மெட்ரோ ரயில் பணிக்கு மண்ணும் கான்கிரீட்டும் ஏற்றும் லாரியும் பொதுப்பணத்தில் ஓடுபவை. அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கான சைக்கிள்களைக் கொடுக்கும் அரசும், இந்த லாரிகளுக்கு வாடகை கொடுக்கும் அரசும் ஒன்றே. அடுத்த டெண்டரில் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கட்டும்: கதவின் கீழ்ப்பகுதியில் கண்ணாடி, முறையான பக்கவாட்டுத் தடுப்பு, நகருக்குள் ஓடும்போது இடப்பக்கம் ஓர் உதவியாளர். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. டெண்டர் ஆவணத்தை எழுதும் அதிகாரிகள் இதைச் செய்ய வேண்டும்.