எது ஒழுக்கம்? எவர் நீதிபதி?

ஆசிரியராக வருவோரின் ஒழுக்கத்தை ஆராய வேண்டுமா? வேண்டும், ஐயமில்லை! பிள்ளைகளை ஒப்படைக்கும் நாடு, அவர்களை ஏற்கும் கை கறைபடிந்ததா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆராய்வது நடத்தையையா, கருத்தையா? அதுதான் கேள்வி, தோழர்களே!

1940ஆம் ஆண்டு நியூயார்க் நகரக் கல்லூரிக்குப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார் பெர்ட்ரண்ட் ரசல். கற்பிக்க இருந்தவை தர்க்கமும் கணிதமும். பிஷப் மானிங் கண்டனக் குரல் எழுப்பினார். மத பீடங்கள் சீறின. ஒரு தாய் வழக்குத் தொடுத்தார்; அவர் மகளோ அக்கல்லூரி மாணவியல்லள்!

மார்ச் 30இல் நீதிபதி மக்கீஹன் நியமனத்தை ரத்து செய்தார். அயல்நாட்டவர், போட்டித் தேர்வு எழுதாதவர், ஒழுக்கங்கெட்டவர் எனக் காரணங்கள் மூன்று. ஒழுக்கக்கேட்டுக்குத் தலையாய சான்று என்ன? மாணவரிடம் இழைத்த தவறா? இல்லை, மணவாழ்வு பற்றி அவர் எழுதிய நூல்கள்! வழக்கில் தம்மையும் ஒரு தரப்பாகச் சேர்க்குமாறு ரசல் வேண்டினார், மன்றம் மறுத்தது. மேயர் லகார்டியா அப்பதவிக்குரிய பணத்தையே வரவுசெலவுத் திட்டத்திலிருந்து நீக்கினார்.

பத்தாண்டு கழிந்தது. 1950இல் அதே ரசலுக்கு இலக்கிய நோபல் பரிசு!

தவறிழைத்தவனை விலக்குக, ஆனால் குற்றம் இன்னதெனச் சொல்லுக, அவன் மறுமொழியைக் கேட்டபின் தீர்ப்பளித்திடுக. சிந்தித்ததையே குற்றமாக்கினால் மாணவர் காக்கப்படுவதில்லை, நல்லாசிரியரை இழக்கின்றனர்.