ஒரு நூலின் மறுபிறப்பு

மனிதர்க்குப் போலவே நூல்களுக்கும் ஆயுள் உண்டு. அச்சிட்ட பிரதிகள் தீர்ந்து, மறுபதிப்புச் செய்வாரும் இல்லாதொழிந்தால், எத்துணைச் சிறந்த நூலும் வழக்கினின்று மறைந்துவிடும். அதனை மீட்பவர் அந்நூல் பிறந்த ஊரினராகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதியும் இல்லை. சென்னையிலே பிறந்து பம்பாயிலே மறுபிறப்பு எய்திய ஒரு நூலின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

பேராசிரியர் பி. இலட்சுமி நரசு ஆங்கிலத்தில் இயற்றி, 1907-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி எசென்ஸ் ஆஃப் புத்திசம்' என்பதே அந்நூல். 'பௌத்த சாரம்' என்று அதனைத் தமிழிலே கூறலாம். ஆசிரியரோ சென்னைக் கல்லூரிகளில் பௌதிகம் கற்பித்தவர். 1898-இல் அயோத்திதாச பண்டிதர் இராயப்பேட்டையை நிலைக்களனாகக் கொண்டு தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தோடு நெருங்கிய தொடர்புடையவர்.

விஞ்ஞான ஆசிரியருக்குரிய முறையிலேயே நரசு தம் நூலை அமைத்தார். புத்தர் பெருமானின் போதனை அறிவுக்கு ஒத்ததா என்று ஆராய்ந்தார். சாதியைப் பற்றி ஓர் அத்தியாயமும், பெண்டிர் நிலை பற்றி ஓர் அத்தியாயமும் தனியே வகுத்தார். பௌத்தம் வாழ்வை வெறுக்கும் சமயம் என்ற குற்றச்சாட்டுக்கும் ஓர் அத்தியாயத்தில் விடை கூறினார். 1912-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. 1934-இல் ஆசிரியர் மறைந்தார். நூலும் நெடுங்காலம் கிடைத்தற்கரியதாயிற்று.

இதற்கிடையே, தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று டாக்டர் அம்பேத்கர் 1935-இல் யேவலாவில் அறிவித்திருந்தார். மாதுங்காவை அடுத்த தாதரிலுள்ள அவருடைய 'இராஜகிருகம்', நூல்கள் நிறைந்த இல்லமாகப் புகழ்பெற்றது. பௌத்தத்தை அறிய நல்ல நூல் எது என்று கேட்டவர்களுக்கு, அவர் தயக்கமின்றிச் சுட்டியது நரசுவின் நூலையே. 1948-இல், நாட்டின் சட்ட அமைச்சராக அரசியலமைப்புப் பணியில் மூழ்கியிருந்த வேளையிலும், அதற்கு முன்னுரை எழுதினார். பம்பாய் தாக்கர் கம்பெனியார் மூன்றாம் பதிப்பை வெளியிட்டனர். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1956 அக்டோபர் 14-ஆம் நாள், நாகபுரியில் அம்பேத்கர் பெருந்திரளான மக்களோடு பௌத்தம் தழுவினார். சென்னைப் பேராசிரியரின் உழைப்பு மராட்டிய மண்ணில் பயன்தந்தது.

அயோத்திதாசரின் எழுத்துக்களும் இவ்வாறே வெளிமாநிலத் தமிழரால் வாழ்ந்தன. 1907-இல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ், 1914-இல் அவர் மறைந்தபின் சிறிது காலமே நடைபெற்றது. 1926-இல் அதற்கு மீண்டும் உயிரளித்தது கோலார் தங்கவயல். சுரங்கத் தொழிலாளரான தமிழர் வாழ்ந்த அவ்வூரின் சித்தார்த்த புத்தகசாலை, பண்டிதரின் ஆக்கங்களை நூல்களாகவும் வெளியிட்டது. பின்னர் 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. தாராவித் தமிழர் பலருக்குப் பூர்விகம் அந்த நெல்லைச் சீமையே அன்றோ?

பிழைப்பை நாடி வெளியூர் சென்றவர் தம் மொழியையும் நூலையும் இழந்துவிடுவர் என்று சிலர் கருதுவதுண்டு. மேற்கண்ட வரலாறுகள் அதனை மறுக்கின்றன. தாராவியிலோ, மாதுங்காவிலோ, செம்பூரிலோ உள்ள ஓர் இல்லத்தின் பழம்பெட்டியில், பாட்டனார் கொணர்ந்த அட்டையிழந்த நூலொன்று இன்றும் கிடக்கலாம். பழைய காகிதத்தோடு அதனை எடைக்குப் போடுமுன், ஆசிரியர் பெயரையும் பதிப்பாண்டையும் ஒருமுறை நோக்குவது நம் கடமையாகும்.