திடலுக்காகப் பிறந்த குழல்

1845 ஏப்ரல் 22. பாரீஸின் ஷான் தெ மார்ஸ் திடலில் சுமார் 20,000 பேர் திரண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்க வந்தது இரண்டு பேண்டுகளின் போட்டி. ஒரு பக்கம் ராணுவ இசைப்பள்ளியின் இயக்குநர் கராஃபா, பழைய முறைப்படி அமைந்த 45 பேருடன். எதிரே, பெல்ஜியத்திலிருந்து வந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த கருவித் தச்சர் அடோல்ஃப் சாக்ஸ், 38 பேருடன். அவருக்கு வயது 30.

ஆள் குறைவாக இருந்தும் சாக்ஸின் பக்கமே கைதட்டல் அதிர்ந்தது. அன்று கூட்டத்தைக் கவர்ந்தவை அவர் செய்த சாக்ஸ்ஹார்ன் என்ற பித்தளைக் கருவிகள். அதே ஆண்டு பிரெஞ்சு அரசு ராணுவ பேண்டுகளைத் திருத்தி அமைத்தபோது, அவருடைய இன்னொரு கருவிக்கும் வழி திறந்தது. 1846 ஜூனில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதுதான் சாக்ஸபோன்.

ஜாஸ் என்றதும் நினைவுக்கு வரும் இந்தக் கருவி, ஜாஸ் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே ராணுவ பேண்டின் தேவைக்காக உருவானது. அரங்கத்துக்குள் இனிமையாகக் கேட்கும் ஓபோவும் பஸ்ஸூனும் வெட்டவெளியில் எடுபடவில்லை. டிரம்பெட்டும் டிராம்போனும் முழங்கினால் கிளாரினெட்டுகள் அமுங்கிப்போயின. மரக்குழல்களின் நெளிவு சுளிவும் பித்தளையின் கனமும் சேர்ந்த ஒரு குரல் நடுவில் தேவைப்பட்டது.

சாக்ஸ் கண்ட தீர்வு எளிமையானது. கிளாரினெட்டைப் போல ஒற்றை நாணல் தகடு பொருத்திய ஊதுவாய். அதற்குக் கீழே பித்தளை உடல். ஆனால் கிளாரினெட்டின் குழல் பெரும்பகுதி ஒரே அகலம் கொண்டது. சாக்ஸபோனின் குழலோ, நம் நாதஸ்வரத்தைப் போல, வாயிலிருந்து அணைசு வரை விரிந்துகொண்டே போகும். அதனால் வரும் வசதி பெரிது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கிளாரினெட்டில் விரல் பிடிப்பு மாறிவிடும். சாக்ஸபோனில் இடது கட்டைவிரலால் ஒரு சாவியை அழுத்தினால் போதும், பெரும்பாலும் அதே விரல் பிடிப்பு மேல் ஸ்தாயிக்கும் பொருந்தும்.

ஒரு கருவியோடு அவர் நிற்கவில்லை. ஒரு குடும்பத்தையே வகுத்தார். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன் எனக் குரல் இறங்க இறங்க உடல் பெரிதாகும். சுருதிகள் பி ஃபிளாட், ஈ ஃபிளாட் என்று மாறி மாறி வரும். விரல் பிடிப்பு எல்லாவற்றிலும் ஒன்றே என்பதால் ஆல்டோ வாசிப்பவர் டெனரைத் தடுமாறாமல் எடுத்து வாசிக்கலாம். ஆர்க்கெஸ்ட்ராவுக்கென சி, எஃப் சுருதிகளில் தனி வரிசை ஒன்றையும் சாக்ஸ் திட்டமிட்டிருந்தார். அது வழக்கொழிந்தது. பேண்டுக்கான வரிசைதான் நிலைத்தது.

நிலைப்பதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல. போட்டிக் கருவித் தச்சர்கள் வழக்குமேல் வழக்குத் தொடுத்தார்கள். 1848 புரட்சிக்குப் பின் அந்த ராணுவ பேண்டுச் சீர்திருத்தமே ரத்தானது. 1852, 1873, 1877 என மூன்று முறை சாக்ஸ் திவாலானார். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ராணுவ பேண்டுகளில் சாக்ஸபோன் மீண்டும் இடம்பிடித்தது. 1857-இல் பாரீஸ் இசைக் கல்லூரியில் ராணுவ மாணவர்களுக்குச் சாக்ஸபோன் வகுப்பு தொடங்கியது, ஆசிரியர் சாக்ஸேதான். 1870-இல் பிரஷ்யாவுடன் போர் வந்ததும் அது மூடப்பட்டது. அங்கே மறுபடி வகுப்பு நடக்க 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கருவியை அட்லாண்டிக் கடக்க வைத்ததும் ஒரு பேண்டுதான். 1872-இல் பாஸ்டன் நகர அமைதி விழாவுக்குப் பிரான்சின் கார்த் ரெபுப்ளிக்கேன் பேண்டு போனது. விழாவை நடத்திய பேட்ரிக் கில்மோர், மறு ஆண்டு நியூயார்க்கின் 22-ஆவது படைப்பிரிவு பேண்டுக்குத் தலைமையேற்றபோது அதில் சாக்ஸபோன்களையும் சேர்த்தார். பேண்டுத் தலைவர் சூஸா 1892-இல் தொடங்கிய பேண்டு அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோனது.

இன்றைய கன்சர்ட் பேண்டில் வழக்கமான அமைப்பு இரண்டு ஆல்டோ, ஒரு டெனர், ஒரு பாரிடோன். ஆல்டோ பல இடங்களில் ஹார்னுக்குத் துணைபோகும். டெனர் யூஃபோனியத்தோடு இழையும். பாரிடோன் டூபாவோடும் பேஸ் கிளாரினெட்டோடும் அடித்தளம் போடும். சாக்ஸபோன் துணைக்குரலாக மட்டுமே இருப்பதும் இல்லை. 1917-இல் சொப்ரானோ சாக்ஸபோனோடு அமெரிக்க ராணுவ பேண்டில் சேர்ந்தவர் இசையமைப்பாளர் பெர்சி கிரேஞ்சர். 1937-இல் அவர் பேண்டுக்காக எழுதிய ‘லிங்கன்ஷையர் போஸி’யின் மூன்றாம் பகுதியில் ஒரு தனி வாசிப்பு உண்டு. அதை ஃபிளூகல்ஹார்னிலும் வாசிக்கலாம், சொப்ரானோ சாக்ஸபோனிலும் வாசிக்கலாம் என்று இரு வடிவங்களாக எழுதினார். பித்தளைக் கருவிக்கு எழுதிய இடத்தில் சாக்ஸபோன் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

கர்நாடக இசைக்குள் இந்தக் குழல் நுழைந்த வழியும் பேண்டுதான். நாதஸ்வரக் கலைஞரின் மகனான கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பேண்டில் ஒலித்த சாக்ஸபோனைக் கேட்டு மயங்கினார். கமகம் பேசாத கருவி என்று கருதப்பட்டதில் கமகம் பேச வைக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1994-இல் ‘டூயட்’ படத்தின் வழியே தமிழ்நாட்டின் வீடுகளுக்குள் வந்தது அவர் கையிலிருந்த ஆல்டோ. சாக்ஸ் பேண்டுக்கென வகுத்த வரிசையில் ஒன்று.