இரும்பா, அலுமினியமா?

போன வாரம் அக்கா மகன் வந்தான். கடன் போட்டு வாங்கின பழைய டிராக்டர்ல டர்போ மாட்டப் போறானாம். "மாமா, டர்போல இருந்து எஞ்சினுக்குக் காத்து போற பைப்புக்கு, நம்ம கிணத்தடியில கிடக்கிற பழைய இரும்புப் பைப்ப வெட்டிக்கிடவா? காசு மிச்சம்"னான். எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்தப் பைப்பு பண்ணின வேலை எனக்குத்தான் தெரியும்.

எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். கமலைய விட்டுட்டு ஆயில் எஞ்சின் போட்டு அப்பா நெல்லு வச்சிருந்தாங்க. கதிர் பால் பிடிக்கிற நேரம். எஞ்சின் ஓடுது, தண்ணி ஏறல. நாலு நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க: சக்‌ஷன் பைப்பு உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு ஊசி ஓட்டை விழுந்து, தண்ணிக்குப் பதிலா காத்த உறிஞ்சியிருக்கு. அந்த வருஷம் பாதி பதரு.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு ஒரு கதை சொல்றேன். இதுல ரெண்டு ஆல்ஃபிரட் வர்றாங்க.

ஒருத்தர் ஆல்ஃபிரட் பூக்கி, சுவிட்சர்லாந்து இன்ஜினியர். எஞ்சின் வெளிய தள்ளுற புகையோட வேகம் வீணாப் போகுதேன்னு யோசிச்சு, 1905ல காப்புரிமை வாங்கினார். புகை ஒரு சக்கரத்தச் சுத்தும். அதே தண்டுல இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள அனுப்பும். இதுதான் டர்போ. காருக்கு முன்னாலயே கப்பல் எஞ்சினுக்கு வந்துச்சு. விற்பனைக்கு வந்த கார்ல பாத்தது 1962ல, அமெரிக்காவுல.

இன்னொருத்தர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னை ஓவியப் பள்ளியில தலைமை வகிச்ச வெள்ளைக்காரர். அலுமினியம் ஒரு காலத்துல தங்கத்துக்கு நிகரா விலை பேசின உலோகம். 1886ல அமெரிக்காவுல ஹாலும் பிரான்சுல எரூவும் தனித்தனியா, மின்சாரம் வச்சுப் பிரிக்கிற வழியக் கண்டுபிடிச்ச பிறகுதான் விலை இறங்குச்சு. சாட்டர்டன் 1898ல அந்தப் பள்ளியில அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பிச்சார். கொஞ்ச வருஷத்துல அதே மனுஷன் சென்னை மாகாணத்துக் கிணறுகள்ல ஆயில் எஞ்சின் வச்சுத் தண்ணி இறைக்கிறதுக்கும் முன்ன நின்னார். நம்ம வீட்டு அலுமினியச் சட்டிக்கும் வயக்காட்டு ஆயில் எஞ்சினுக்கும் ஒரே ஆளுதான் பிள்ளையார் சுழி போட்டார்னு சொல்லலாம். 1960கள்ல மேட்டூர்லயே அலுமினிய ஆலை வந்துருச்சு.

இப்ப மருமகன் விஷயத்துக்கு வருவோம். இரும்பு மலிவு, பலம், நம்ம ஊர் வெல்டிங் பட்டறையிலேயே பத்த வச்சிரலாம். ஆனா உள்ள துரு கிளம்பும். பைப்புல உதிருற துரு நேரா சிலிண்டருக்குள்ள போகும். காத்து வடிகட்டிதான் இருக்கேன்னா, அது டர்போவுக்கு முன்னால இருக்கு. இந்தத் துரு அதுக்குப் பின்னால கிளம்புறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காது, விலை கூடுதல். அலுமினியம் இரும்போட எடையில மூணுல ஒரு பங்கு. மேல தானாப் படியிற மெல்லிய படலமே அதக் காப்பாத்தும். குறை என்னன்னா, ஆர்கான் வாயு வச்சுப் பத்த வைக்கணும். அதிர்வு தாங்காம பத்தவச்ச இடம் விரிசல் விடும். அதனால ஒரே நீளமா இறுக்காம, நடுவுல சிலிக்கான் ஹோஸ் போடணும். பைப்பு நுனியில விளிம்பு எடுத்திருக்கணும், இல்லன்னா அழுத்தத்துல ஹோஸ் பிடுங்கிக்கிட்டுப் போயிரும்.

"அப்ப பி.வி.சி. போட்டுரவா மாமா?"ன்னான். நல்லாக் கேட்டான் போங்க! அமுக்கின காத்து நூறு டிகிரியத் தாண்டும். பி.வி.சி. அதுக்கு முன்னாலயே இளகிப் போகும்.

கடைசியில சொன்னேன்: "அலுமினியமே போடுல. அதுக்கு முன்னால, அந்தப் பழைய எஞ்சின் டர்போவத் தாங்குமான்னு நல்ல மெக்கானிக்கிட்டக் கேளு. ஆர்.டி.ஓ. அனுமதியும் வாங்கு. கடன் வண்டி, அது நின்னா உன் வீட்டுல உலை நின்னுரும்."

நேத்து ராஜபாளையம் போயிருக்கான், விசாரிக்க. கிணத்தடி இரும்புப் பைப்ப நான் அவரைப் பந்தலுக்குக் காலா நட்டுட்டேன்.